வகுப்பறையில் எழும்பிய கட்டடம்

ஆசிரியர் பலகையில் ஒரு நெட்டுச் செவ்வகம் வரைகிறார். குறுக்கே ஆறேழு கோடுகள். அடியில் ஒரு கடை, வாசற்கதவு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் சிறிய அறை. அதற்கு மேல் தளத்துக்கு இரண்டு வீடுகள். கூரைக்குக் கீழே, ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்கள் தங்கிய குட்டி அறைகள். "இது பாரிசில் இருக்கும் கட்டடம். எந்தத் தெரு? கதவு எண் என்ன?" என்று கேட்கிறார். எதிரே இருப்பவர்களுக்கு பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் தெரியும், எண்கள் தெரியும், இன்னும் கொஞ்சம் தெரியும். ஆளுக்கொரு தெருப்பெயர் சொல்கிறார்கள், கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே குடியிருப்பவர் யார்? வயது என்ன? என்ன வேலை? தனியாளா, குடும்பமா, பூனை உண்டா? அன்று தொடங்கிப் பல வாரங்களுக்கு அந்த வகுப்பின் பிரெஞ்சு முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள்தான் நடக்கும்.

பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் நடுவே இது புகழ்பெற்ற ஆட்டம். பெயர் 'லிம்மப்ல்', அதாவது கட்டடம். வகுத்தவர் பிரான்சிஸ் டெபீசேர். 1980-ல் பாரிசிலிருந்த 'பெல்க்' என்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வெளியீடாக வந்து, 1986-ல் ஆஷெத் பதிப்பகத்தின் நூலாக எல்லோர் கைக்கும் போனது. மொழி வகுப்புக்கு ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உண்டு. பெரும்பாலானவற்றின் வேர் யாருக்கும் தெரியாது. இந்த ஒன்றுக்குத் தெளிவான பிறப்புக் கதை இருக்கிறது. அதில் ஒரு டேப் ரிக்கார்டர் வருகிறது, ஒரு கலகக் கட்டுரை வருகிறது, ஒரு பெரிய நாவலும் வருகிறது.

கதை 1951-ல் தொடங்குகிறது. ஆங்கிலேயர் 850 சொற்களில் 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்கும் தொடக்க நிலைச் சொற்பட்டியல் ஒன்று வேண்டும் என்று பிரான்ஸ் அரசு முடிவு செய்தது. மொழியியலாளர் ழார்ழ் கூகெனெம் தலைமையில் ஒரு குழு அமைந்தது. புத்தகங்களில் சொற்களை எண்ணிப் பட்டியல் போடுவதுதான் அதுவரை வழக்கம். இந்தக் குழு அப்போது புதிதாக வந்திருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மக்களிடம் போனது. 275 பேர், 163 பதிவுகள், மொத்தம் 3,12,135 சொற்கள். அவற்றில் வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 7,995.

எண்ணி முடித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கும் முள்கரண்டி பட்டியலின் மேல்வரிசையில் இல்லை. வாயிலிருக்கும் பல்லும் அப்படித்தான். சாப்பிடும்போது யாரும் முள்கரண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் உடனே அந்தச் சொல் நாவில் வந்து நிற்கும். இப்படிப் பேச்சில் அரிதாகவும் மனத்தில் எப்போதும் தயாராகவும் இருக்கும் சொற்களைப் பிடிப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளிடம் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சமையலறை, உடை, உடல் உறுப்புகள் என்று தலைப்பு கொடுத்து, நினைவுக்கு வருவதை எழுதச் சொன்னார்கள். சொல் எண்ணிக்கையில் மட்டும் வாழ்வதில்லை, இடத்தில் வாழ்கிறது என்ற உண்மை அங்கேயே வெளிப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பறை அதைக் கண்டுகொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

அந்தப் பட்டியலின் மேல் எழுந்தது ஒலி-ஒளி முறை. பாரிசுக்கு அருகே சேன்-குளூவில் இருந்த ஆய்வு மையமும், யுகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரத்து மொழியியலாளர் பெதார் குபெரினாவும் சேர்ந்து 'வுவா எ இமாழ் த ஃபிரான்ஸ்' என்ற பாடத்தொகுப்பை உருவாக்கினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அது பல நாடுகளுக்குப் போனது. இருட்டடித்த அறை, திரையில் ஒவ்வொன்றாக நகரும் படச்சுருள், டேப் ரிக்கார்டரில் குரல். பாரிசின் பிளாஸ் திதாலியில் வசிக்கும் திபோ குடும்பத்தார் பேசுவார்கள். மாணவர்கள் கேட்பார்கள், திருப்பிச் சொல்வார்கள், மறுபடி கேட்பார்கள். எழுத்து பல வாரங்களுக்குக் கண்ணில் படாது.

அந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்பு வினை வடிவங்களை மனப்பாடம் செய்து, மொழிபெயர்த்து, ஆண்டுகள் கழிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் பலர். ஒலி-ஒளி முறை அவர்களைப் பேச வைத்தது, அதுவும் நல்ல உச்சரிப்பில். ஆனால் ஒரு குறை அதன் எலும்பிலேயே இருந்தது. திபோ வீட்டு மேசையில் என்ன இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. மாணவர் அந்த வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது.

பெல்க் நிறுவனம் 1959-ல் தொடங்கியது. பாரிசின் லோமோன் தெருவில் அலுவலகம். வெளிநாடுகளில் பிரெஞ்சு கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி தருவதும், புதிய வழிகளைச் சோதித்துப் பார்ப்பதும் அதன் வேலை. 1960-களின் பிற்பாதியிலிருந்து அதன் பொறுப்பில் இருந்தவர் டெபீசேர். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் பல நாட்டவர். ஒரே பாடத்தொகுப்பு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதை அவர்கள் வாயால் கேட்கும் இடத்தில் அவர் இருந்தார்.

1973-ல் 'ல ஃபிரான்சே தான் ல மோந்த்' இதழ் தன் நூறாவது வெளியீட்டைக் கொண்டுவந்தது. உலகெங்கும் உள்ள பிரெஞ்சு ஆசிரியர்கள் படிக்கும் இதழ் அது. அதில் டெபீசேர் எழுதிய கட்டுரையின் தலைப்பே பாடநூலின் மரணத்தை அறிவித்தது. முறை ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை ஒரு மயக்கம், அந்த மயக்கம் இப்போது கலைகிறது என்பது அவருடைய வாதம். பாடநூல்களை எழுதி, அச்சிட்டு, பயிற்சி கொடுத்து வாழ்ந்த ஓர் உலகத்தின் நடுவில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

பாடநூலை எடுத்துவிட்டால் நாளைக் காலை ஒன்பது மணி வகுப்பில் என்ன செய்வது? எந்த ஆசிரியரும் இதைத்தான் முதலில் கேட்பார். டெபீசேரும் அவருடைய தோழர்களும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் அவர்கள் செய்தது எல்லாம் இதற்கு விடை தேடுவதுதான். 1977-ல் டெபீசேரும் கிறிஸ்தியான் எஸ்திராதும் ஒரு சீட்டுக்கட்டை வெளியிட்டார்கள், 'ஆயிரத்தொரு கதைகளின் டாரோ' என்று. ரஷ்ய மாயக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் 31 நிகழ்வுகளை ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-ல் பட்டியலிட்டிருந்தார். அந்த ஆய்வின் வழியில் கதையின் உறுப்புகள் சீட்டுகளாயின. குலுக்கி வரிசையாக வைத்தால் கதை எழும். மாணவர் அதைச் சொல்ல வேண்டும். மறு ஆண்டு டெபீசேரும் ழான்-மார்க் காரேயும் 'விளையாட்டு, மொழி, படைப்பாற்றல்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு வகுப்புக்கான விளையாட்டுகளை ஆசிரியர்கள் நடுவில் ஒரு மரியாதைக்குரிய பொருளாக்கியது அந்த நூல்.

விளையாட்டு என்றால் வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு, பாடம் முடிந்த பிறகு, பிள்ளைகள் களைத்தபோது என்றுதான் எங்கும் பழக்கம். அதைத் தலைகீழாக்கியதுதான் இவர்கள் செய்த பெரிய காரியம். ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒரு விடுகதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சிறிய நடிப்பு அரை மணியில் முடியும். சந்தையில் தக்காளி வாங்கியவர் அடுத்த வாரம் ரயில் நிலையத்தில் சீட்டு வாங்குவார், இரண்டு பேருக்கும் தொடர்பே இருக்காது. துண்டு துண்டான இந்த ஆட்டங்களை ஒரே நூலில் கோப்பது எப்படி?

அந்த நூல் இலக்கியத்திலிருந்து வந்தது.

1960 நவம்பர் 24 அன்று பாரிசில் எழுத்தாளர் ரெமோன் கெனோவும் கணிதப் பித்தர் பிரான்சுவா லெ லியொனேயும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயர் 'ஊலிப்போ'. தனக்குத்தானே கடுமையான விதி ஒன்றை இட்டுக்கொண்டு எழுதினால் கற்பனை வற்றாமல் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகத்தை அறிந்த தமிழர்களுக்கு இதில் புதுமை குறைவு. சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதி முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். ஊலிப்போவில் 1967-ல் சேர்ந்த ழார்ழ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாக வரும் 'எ' எழுத்து ஒருமுறைகூட வராமல் முந்நூறு பக்க நாவல் எழுதினார், 1969-ல்.

அதே பெரெக் 1978-ல் வெளியிட்டதுதான் 'வாழ்க்கை: பயன்படுத்தும் முறை'. பாரிசின் 17-ஆம் வட்டாரத்தில், அங்கே உண்மையில் இல்லாத ஒரு தெருவில், 11-ஆம் எண் கட்டடம். அதன் முகப்புச் சுவரை அகற்றிவிட்டால் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் தெரியுமல்லவா? ஓவியர் சோல் ஸ்டைன்பெர்க் அப்படி ஒரு படம் வரைந்திருந்தார். பெரெக்குக்குப் பொறி தட்டியதில் அதற்கும் பங்குண்டு. கட்டடத்தைப் பத்துக்குப் பத்து கட்டங்களாகப் பிரித்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் பலகை முழுவதும் சுற்றிவரும் வழியில் அறை அறையாக நகர்ந்தார். ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டதால் 99 அத்தியாயங்கள். நாவல் முழுவதும் 1975 ஜூன் 23 மாலை, எட்டு மணியை ஒட்டிய ஒரே கணம். அந்தக் கணத்தில் யார் எந்த அறையில் இருக்கிறார், மேசையில் என்ன, சுவரில் என்ன படம், அந்தப் பொருள் எப்படி அங்கே வந்தது என்று விரிந்து நூற்றுக்கணக்கான கதைகள். அந்த ஆண்டின் மெதிசி பரிசு அதற்குக் கிடைத்தது.

நாவல் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் டெபீசேரின் கட்டடம் வந்துவிட்டது. அதற்கு அவர் கொடுத்த துணைத்தலைப்பு, 66 பயிற்சிகளில் ஒரு பாவனை-நாவல். பெரெக்குக்குப் பட்ட கடன் வெளிப்படை. ஆனால் அவர் செய்தது ஒரு நாவலைப் பாடமாக்குவது அல்ல. மாணவர்கள் பெரெக்கின் ஒரு வரியைக்கூடப் படிக்க வேண்டியதில்லை. அவர் எடுத்துக்கொண்டது எழுதும் வழியை. பொருட்களின் பட்டியல், அறைகளின் அடுக்கு, சின்ன விதிகள், ஓரிடத்தில் பலரை வைத்தால் கதை தானே கிளம்பும் என்ற நம்பிக்கை, இவைதான்.

இங்கேதான் இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இருக்கிறது. தொடக்க நிலை மாணவருக்கு இறந்தகாலம் தெரியாது, நிகழ்காலம் மட்டும் தெரியும். 'இருக்கிறது', 'உண்டு', 'வசிக்கிறார்', 'பிடிக்கும்', 'பிடிக்காது', சில நிறங்கள், சில எண்கள், மேலே, கீழே, அருகே. கையிருப்பு அவ்வளவுதான். இதை வறுமை என்று பார்த்ததால்தான் பழைய பாடங்கள் அவருக்கு வறிய உலகத்தைக் கொடுத்தன. பெரெக் ஓர் எழுத்தைத் துறந்துவிட்டு ஒரு நாவலை எழுதினார் என்றால், இறந்தகாலம் இல்லாத மாணவர் ஏன் ஒரு கட்டடத்தை எழுப்ப முடியாது? ஒரே கணத்தில் நிற்கும் கட்டடத்துக்கு நிகழ்காலமே போதும். முதல் மாடியில் ஒரு பல் மருத்துவர் வசிக்கிறார். அவருக்கு வயது 58. அவருக்குப் பூனை பிடிக்காது. எதிர்வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. இதில் கடினமான ஒரு சொல்கூட இல்லை, ஆனால் ஒரு சண்டை தயாராகிவிட்டது.

பாடம் நடக்கும் வரிசையைப் பார்த்தால் டெபீசேரின் கைத்திறன் புரியும். முதலில் இடம், பிறகு ஆட்கள், பிறகு அவர்களுடைய பொருட்கள், அதற்குப் பிறகுதான் பேச்சு, கடைசியில் சம்பவம். தபால் பெட்டிகளில் பெயர்ப்பட்டை ஒட்டும்போது எழுத்துக்கூட்டல் வந்துவிடுகிறது. எந்த மாடி என்று சொல்லும்போது வரிசை எண்கள். அறையில் சாமான் வைக்கும்போது உள்ளே, மேலே, பக்கத்தில். முள்கரண்டியும் பல்லும் இப்போது தேடாமலே கிடைக்கின்றன. முன்னது சமையலறை இழுப்பறையில், பின்னது முதல் மாடி மருத்துவரிடம். குடியிருப்பவர்கள் படிக்கட்டில் சந்தித்துக்கொள்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று யாரோ கதவில் சீட்டு ஒட்டுகிறார். மேல்வீட்டு பியானோ சத்தம் பற்றி ஒரு புகார்க் கடிதம், அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பதில். குப்பைக் கூடையில் கிடக்கும் பொருட்களை வைத்து அது யார் வீட்டுக் கூடை என்று ஊகிக்கலாம். சுவருக்கு அப்பால் கேட்கும் ஒலியை வைத்து அங்கே என்ன நடக்கிறது என்று வம்பு பேசலாம். எழுதியதெல்லாம் ஒரு கோப்பில் சேர்கிறது. வகுப்பு போதிய வளர்ச்சி பெற்றதும் ஏதாவது ஒன்று நிகழ வேண்டும். திருட்டு, தீ, காணாமல்போன ஒருவர், ஒரு மரணம். நேற்று இரவு பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று காவல் அதிகாரி கேட்கும்போது இறந்தகாலம் முதன்முறையாகத் தேவைப்படுகிறது. தேவைப்படும் நாளில் கற்பிக்கப்படுகிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு நன்மை உண்டு. தொடக்க வகுப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் எத்தனை அறை, விடுமுறைக்கு எங்கே போனீர்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கும், வேலையிழந்த பெரியவருக்கும், நாட்டை விட்டு ஓடிவந்தவருக்கும் இந்தக் கேள்விகள் காயம்பட்ட இடத்தில் கை வைப்பவை. இலக்கணம் பழகுவதற்காக ஒருவர் தம் வாழ்க்கையைக் கூட்டத்தின் முன் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. கட்டடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. நான்காம் மாடியில் வசிக்கும் முன்னாள் கப்பல் தலைவனின் அப்பாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தவறாகப் பேசினாலும் அது கப்பல் தலைவனின் தவறு. பெரியவர்களுக்கு மொழி கற்பிப்பவர்கள் இந்த நிம்மதியின் மதிப்பை நன்றாக அறிவார்கள். வாய் திறக்கக் கூசியவர் வேறொருவரின் பெயரைப் போர்த்திக்கொண்டு பேசத் தொடங்குவார்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பதில் பயனில்லை. பாரிசைப் பார்த்திராத வகுப்பு ஒன்று பாரிசைக் கட்டும்போது எல்லோரும் தொப்பி அணிந்த ஓவியர்களாகவும் நீண்ட ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கியவர்களாகவும் ஆகிவிடுவார்கள். அல்ஜீரியாவிலிருந்து வந்த எலக்ட்ரீஷியனோ, போர்ச்சுகலில் பிறந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளோ, ஆசிரியர் தூண்டாவிட்டால், அந்தக் கட்டடத்துக்குள் வரமாட்டார்கள். உண்மையான வாடகை விளம்பரம், மின்கட்டண ரசீது, ஒரு வட்டாரத்தின் வரைபடம் இவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்தால்தான் கற்பனைக்கு எதிர்ப்பு கிடைக்கும், எதிர்ப்பு இருந்தால்தான் அது வலுப்பெறும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே கட்டடம் தாங்காது. ஒரே தெருவில் நான்கு கட்டடங்களாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு குழுவிடம் கொடுப்பது நல்லது. புதுச்சேரி, சென்னைப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சை எடுத்து, கேள்வி-பதிலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் இப்படி ஒரு தெரு கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன்.

கட்டடத்துக்குக் கூடப்பிறந்தவையும் உண்டு. ஒரு குழு தீவில் கரையொதுங்கி, அதற்கு வரைபடம் போட்டு, பெயர் வைத்து, சட்டம் இயற்றும் 'தீவுகள்' அதே காலத்தில் பெல்க்கில் உருவானது. கிராமமும் சர்க்கஸும் வந்தன. தொழில்முறைப் பிரெஞ்சு கற்பவர்களுக்காக ஓட்டல், தொழில் நிறுவனம், சர்வதேச மாநாடு என்று பாவனை இடங்கள் பெருகின. இவற்றையெல்லாம் சேர்த்து 'முழுமைப் பாவனை' என்ற பெயரில் விளக்கி பிரான்சிஸ் யாய்ஷ் 1996-ல் ஒரு கையேடு எழுதினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சுத் துறையோடு நிற்காமல் ஜெர்மன் துறைக்கும் இந்த வழி போனது.

பெல்க் 1987-ல் செவ்ரில் இருந்த சர்வதேசக் கல்வி ஆய்வு மையத்தோடு இணைந்தது. 2001-ல் அந்த மையமும் திதியே பதிப்பகமும் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்குமான ஐரோப்பிய மொழிக் கோப்பு ஒன்றை வெளியிட்டன. தயாரித்தவர்கள் கிறிஸ்தீன் தாலியாந்தும் பிரான்சிஸ் டெபீசேரும். எந்த மொழியில் என்னால் என்ன செய்ய முடியும், அதை எங்கே கற்றேன், அடுத்து எதைக் கற்க விரும்புகிறேன் என்பவற்றை அதில் எழுத வேண்டியவர் ஆசிரியர் அல்ல, படிப்பவர். 1973-ல் பாடநூலுக்கு மரணம் அறிவித்தவர் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தம் பெயரை இட்டு வெளியிட்டது, படிப்பவர் எழுதுவதற்காக இடம் விட்டுவைத்த ஒரு கோப்பு.